லெட்சுமணனின் மாடும் பொருந்தா இணைச் சேவையும்

பொலிஸ்காரருக்குப் பொலிஸ் படம் காட்டக் கூடாது. சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் என்னை எப்போதோ உள்ளே போட்டிருப்பார்கள். இல்லாததால் வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே இருப்பது அப்படியொன்றும் சௌகரியமாக இல்லை.

லிந்துலைக்கு மேலே, பெயரைச் சொன்னால் வழக்கு வரக்கூடிய ஒரு சின்ன டவுன் எங்களுடையது. பொலிஸ் நிலையத்துக்கு எதிரே, மூடிப்போன ரொட்டிக் கடையின் வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். பெயர் சிவசாமி. முப்பத்தாறு வருஷம் ஒத்தமரத்துத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். தமிழும் சிங்களமும் எழுதுவேன். இரண்டிலும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவேன். தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் வந்தால், ஒழுகிய தண்ணீரோடு ஒரு மீனும் விழுந்ததாகச் சேர்ப்பேன். தகரம் கிடைக்காது. ஆனால் அதிகாரி கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்.

போன ஐப்பசி மழையில் டவுனில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. திருடனும் நனையத்தானே வேண்டும்? நிலையப் பொறுப்பதிகாரி, எங்கள் வாயில் ஓ.ஐ.சி., பொழுது போகாமல் என்னிடம் படம் ஏதாவது கேட்டார். நான் போன் கடைக்குப் போய் ஒரு பென்டிரைவில் நிரப்பிக் கொண்டுவந்தேன். முப்பத்தொரு படம். முப்பத்தொன்றும் ஒரே கதை. இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துவான், மற்றவன் சட்டையோடு தூங்கி எழும்பி வருவான். ஒருவன் பென்ஷன் வாங்க நாள் எண்ணுவான், மற்றவன் சாக நாள் தேடுவான். மேலதிகாரி இருவரையும் ஒரே காரில் ஏற்றிவிடுவார். படம் முழுக்க ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே போவார்கள். கடைசியில் எதையாவது வெடிக்க வைத்துவிட்டுத் தோளில் கை போட்டுக்கொள்வார்கள்.

நானும் வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இந்தப் படங்கள் மனிதருக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்ததும் உண்டு. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். இரண்டு பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கிற நேரம் அவர்கள் நம்மை ஏசுவதில்லை. எழுபத்து மூன்று வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் தியேட்டரில் கிடைத்ததில்லை.

மார்கழியில் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டம். பொதுமக்கள் யோசனை சொல்லலாம் என்றார் ஓ.ஐ.சி. வழக்கமாக யாரும் சொல்வதில்லை, தேநீரும் கிழங்கு ரொட்டியும் வந்ததும் எழும்பிவிடுவோம். அன்றைக்கு ரொட்டி வர நேரமானது. நான் எழும்பி, முகத்தை ஒரு மாதிரியும் வைத்துக்கொள்ளாமல், நம்முடைய நிலையத்தில் வழக்குகள் துலங்காததற்குக் காரணம் நம் பொலிஸ்காரர்கள் ஒருவரோடொருவர் மிகவும் ஒத்துப்போவதுதான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓ.ஐ.சி. சிரிக்கவில்லை. கொப்பியில் குறித்துக்கொண்டார்.

தை பிறந்ததும் அறிவித்தல் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. 'பொருந்தா இணைச் சேவை.' இணையில் உள்ள இருவரும் ஐந்து விஷயங்களிலாவது பொருந்தாதிருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம், மூன்று பிரதி. நிலையத்தில் பதினோரு பேர். ஒன்பது பேருக்கு ஒரே மீசை, ஒரே தொந்தி, மத்தியானத்துக்கு மேல் ஒரே கொட்டாவி. மிஞ்சியது இரண்டு பேர்.

ஒருவர் சார்ஜன்ட் ஹேரத். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, சைவச் சாப்பாடு. மலைநாட்டில் முப்பது வருஷம் சேவை செய்து நாலு தமிழ்ச் சொல் கற்றவர்: வா, போ, இரு, கையெழுத்து. பொலிஸ் வேலைக்கு அது போதும். மற்றவன் கான்ஸ்டபிள் விஜிதரன். மட்டக்களப்புப் பையன், காலையில் டயர் தூக்குகிறவன், பறப்பது ஊர்வது எல்லாம் சாப்பிடுகிறவன். பயிற்சியில் அவன் படித்த சிங்களம் சல்யூட் அடிக்கவும் லீவு கேட்கவும் மட்டும்தான் காணும். தமிழில் முறைப்பாடு எழுத ஆள் வேண்டும் என்று நாங்கள் பதினைந்து வருஷமாக மனுப்போட்டு, அந்த மனுக்களில் பாதியை நானே எழுதி, கிடைத்தவன் அவன். அவனை முறைப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி முச்சக்கர வண்டியில் ஏற்றினார் ஓ.ஐ.சி.

"கதாநாயகன் மேசையில் உட்காருவதில்லை" என்றார்.

முறைப்பாட்டு மேசைக்கு மறுபடியும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதாயிற்று. இணைக்கும் ஒருவர் வேண்டும், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காதே. இரண்டுக்கும் என்னையே கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது. நான் கேட்கவுமில்லை. முப்பத்தொரு படத்தையும் பின்சீட்டிலிருந்து பார்க்கக் கிடைத்தால் யாராவது சம்பளம் கேட்பார்களா?

நடைமுறை எல்லாம் படத்தில் உள்ளபடிதான். தினமும் காலை எட்டரைக்கு ஓ.ஐ.சி. இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு மேசையைக் குத்தி, துப்பாக்கியையும் பெயர்ப்பட்டியையும் வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார். துப்பாக்கி களஞ்சியத்தில் இருந்தது, எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். அதனால் சார்ஜன்ட் தன் குடையை மேசையில் வைப்பார். அதற்கு ரசீது தருவார்கள். பத்து மணிக்கு ரசீதைக் கொடுத்துக் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். மழை நாட்களில் ஒன்பதரைக்கே கொடுக்கலாம் என்று பிறகு ஒரு திருத்தச் சுற்றறிக்கை வந்தது.

எல்லாம் சரி, சண்டைதான் வரவில்லை. 'சச்சரவுப் பதிவேடு' என்று சிவப்பு அட்டையில் ஒன்று திறந்து வைத்திருந்தார்கள், நாளுக்கு இரண்டு பதிய வேண்டும். ஒரு வாரம் வெறுமையாகக் கிடந்தது. சார்ஜன்ட் வீட்டிலிருந்து இரண்டு சோற்றுப் பார்சல் கொண்டுவருவார். விஜிதரன் இறக்கங்களில் அவர் கையைப் பிடித்துக்கொள்வான். ஓ.ஐ.சி. சாப்பாடு இறங்காமல் மெலிந்தார்.

எட்டாம் நாள் சார்ஜன்ட் என் பக்கம் திரும்பி, மல்லி சாப்பிட்டானா என்று கேள் என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. நான் விஜிதரனிடம் சொன்னேன், "நீ இங்க வேலை செய்ய வந்தியா, திங்க வந்தியானு கேக்குறாரு."

விஜிதரன் முகம் சுருங்கிப்போயிற்று. இருந்தும், நான் சாப்பிட்டுத்தான் வந்தனான், அவருக்கு நன்றி சொல்லுங்கோ ஐயா என்றான். நான் சார்ஜன்ட்டிடம், உங்கள் கையால் கொடுப்பது தொண்டையில் இறங்காது என்கிறான் என்றேன்.

அன்று பின்னேரம் சச்சரவுப் பதிவேட்டில் முதல் பதிவு விழுந்தது. மூன்றாம் நாள் பக்கம் நிறைந்தது. சோற்றுப் பார்சல் ஒன்றாகிவிட்டது. எனக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓ.ஐ.சி. கொழும்புக்கு எழுதினார். மாசி மாதம் ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பார்ப்பதற்கு ஒரு வழக்கு வேண்டும்.

அப்போதுதான் லெட்சுமணன் வந்தான்.

ஒத்தமரத்துத் தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவு. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். பதினொரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, பிள்ளை பிறந்தால் காமன் கூத்தில் மதன் வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்து, போன வருஷம் பெண் பிள்ளை பிறந்தது. கௌசி. கூத்து இந்த மாசிப் பௌர்ணமி. கையில் காப்புக் கட்டி, ஒரு நேரச் சாப்பாட்டில் இருந்தான்.

காலையிலிருந்து மாட்டைக் காணவில்லை. பக்கத்துத் தோட்டத்து மானாப் புல் காட்டுக்குள் போயிருக்கும், உள்ளே போய்த் தேடினால் காவல்காரன் பிடிப்பான், முறைப்பாடு போட்டதற்குப் பொலிஸ் துண்டு ஒன்று இருந்தால் விடுவான். அவனுக்கு வேண்டியது அந்தத் துண்டு மட்டும்தான்.

"கூத்துக்கு முன்ன கெடைச்சிட்டா நிம்மதியா வேஷங் கட்டுவேண்ணே. புள்ளைக்கும் அந்தப் பாலுதான்."

ஒரு மாட்டைக் காணோம் என்று எழுதினால் துண்டு கிடைக்க நாலு நாள் ஆகும். எனக்குத் தெரியும். அவனுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், அரை நிமிஷம். பிறகு பேனா எடுத்த எடுப்பில் ஓடிவிட்டது. நம்பர் தகடு இல்லாத மூடிய லொறி. நாலு பேர். ஒருவனுக்குக் கன்னத்தில் வெட்டுத் தழும்பு. மாடு மட்டும்தான் உண்மை, அதையும் சீமைமாடு என்று ஆக்கினேன்.

எழுதி முடித்து அவன் பக்கம் திருப்பினேன். சிங்களத்தில் ஒரு பக்கம் முழுக்க. "எங்கண்ணே போடணும்?" என்று கேட்டான். இடத்தைக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போட்டு வருகிறோம், ஒப்பந்தத்திலும் பிறப்புப் பதிவிலும் பென்ஷன் கடிதத்திலும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடுவது எங்களுக்கு ஒரு மரியாதை மாதிரி.

ஓ.ஐ.சி. வாசித்துவிட்டு எழும்பி நின்றார். கண் கலங்கியிருந்தது. துண்டு அந்த நிமிஷமே கிடைத்தது.

பின்னேரமே துரத்தல் நடந்தது. அக்கரப்பத்தனை ரோட்டில் ஒரு மூடிய லொறி போனது, முச்சக்கர வண்டி பின்னால் போனது. முதல் வளைவில், ரோட்டோரம் கொய்யா விற்கிற ஜீவராணியின் கூடைகளைச் சாய்த்தோம். இரண்டாவது வளைவில் ஏற்றம். டிரைவரோடு நாலு பேரைச் சுமந்து வண்டி ஏறாமல் நின்றுவிட்டது. லொறிக்காரன் கண்ணாடியில் பார்த்துப் பரிதாபப்பட்டு நிறுத்தி, கயிறு கட்டி எங்களை மேடு வரைக்கும் இழுத்துவிட்டான். லொறியில் லீக்ஸ் மரக்கறி இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்தான். சார்ஜன்ட் அவனுக்கு, உதவிக்கு நன்றி என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஜீவராணி தெருவில் குந்திக் கொய்யாப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படத்திலும் இப்படிக் கூடை சாயும், அது வழக்கம் என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப அந்தக் கடக்காரி என்னங்க ஆவா?"

தெரியாது, கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றேன். அதைச் சொல்லும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாடு அன்று சாயந்தரமே கறக்கிற நேரத்துக்குத் தானாக வீடு வந்துவிட்டது. லெட்சுமணன் இருக்கிறானே, அவன் ஒரு மடத்தனமான காரியம் செய்தான். மறுநாள் காலை மனைவி இந்திராதேவியையும் கூட்டிக்கொண்டு, நிலையத்து ஆட்களுக்கு ஒரு போத்தல் பாலும் எடுத்துக்கொண்டு, மாடு வந்துவிட்டது என்று சொல்ல வந்தான். சும்மா இருந்திருக்கலாம். பொலிஸ் துண்டை வைத்துக்கொண்டு பொய் சொன்னவனாக இருக்கக் கூடாது என்று வந்தான்.

ஓ.ஐ.சி. பாலை வாங்கி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். மாடு வந்தது சரி, நாலு பேர் எங்கே?

லெட்சுமணன் என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன். அவனுக்கு விளங்கவில்லை.

"அண்ணே, நான் மாட்டக் காணோம்னு மட்டுந்தான சொன்னேன்? லொறி, நாலு பேருனு நான் எங்கண்ணே சொன்னேன்? அவருகிட்டச் சொல்லுங்கண்ணே."

அந்த அறையில் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் இல்லை. விஜிதரன் வெளியே, பெரிய அதிகாரி வருகிற நாளுக்காக ஓடுகிற முச்சக்கர வண்டியின் மேல் பாயப் பழகிக்கொண்டிருந்தான். இந்திராதேவி கதவோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓ.ஐ.சி. என் வாயைப் பார்த்தார். லெட்சுமணன் சொன்னதைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான்.

"குழம்பிப்போயிருக்கிறான், சேர்" என்றேன்.

வாழ்க்கையிலேயே நான் சுருக்கமாக மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான்.

ஓ.ஐ.சி. நாற்காலியில் சாய்ந்து ஒரு விளக்கம் கொடுத்தார். அதை அப்படியே தருகிறேன், இதில் நான் கூட்டவில்லை. "குற்றம் நடந்தது என்பதற்கு முறைப்பாடு ஆதாரம். குற்றம் நடக்கவில்லை என்றால் முறைப்பாடே குற்றம். இரண்டில் எது என்றாலும் நிலையத்துக்கு வழக்கு உண்டு. பொதுமகனுக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?"

பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கு. கூட்டாளிகள் நாலு பேர் தலைமறைவாக இருப்பதால் வெளியே விடக் கூடாது என்று அறிக்கை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அன்று லீவு. பதினாலு நாள் விளக்கமறியல். உள்ளே அனுப்பும்போது கயிறு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று கையில் கட்டியிருந்த காப்பைக் கத்திரிக்கோலால் வெட்டினார்களாம். ஏழாம் நாள் கூத்து.

மாட்டைச் சான்றுப் பொருள் என்று நிலையத்துப் பின்னால் கட்டினார்கள். சான்றுப் பொருளின் மடியில் பால் கட்டக் கூடாதல்லவா? இந்திராதேவி விடியற்காலையும் பின்னேரமும் நாலு மைல் நடந்து வந்து கறந்துகொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் ஓ.ஐ.சி.யின் புத்தகத்தில் பதிவார்கள்: சான்றுப் பொருள் கறக்கப்பட்டது, சந்தேகநபரின் குழந்தைக்கு அரைப் போத்தல், மீதி நிலையத்துக்கு. என் மேசையைத் தாண்டித்தான் போவாள். வாங்கண்ணே போங்கண்ணே என்று ஒன்றுமில்லை. நான் தாளில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அந்த வாரம் நான் எழுதிய மனுக்களில் ஒன்றிலும் மீன் விழவில்லை.

வியாழக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். மாலை, மேளம், குத்துவிளக்கு. விஜிதரன் வண்டி மேல் பாய்ந்தான். சார்ஜன்ட் அவனைப் பார்த்து ஏசினார், நிஜமாகவே ஏசினார். கூட்டம் கைதட்டியது. அதிகாரி ஒலிவாங்கியில், மொழி தெரியாத இருவரை ஒன்றாகப் போட்டதால் நல்லிணக்கத்துக்கான நிதியில் இந்தத் திட்டத்தைச் சேர்க்கலாம் என்றும், இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்பது திட்டம் நீடிக்கும் என்பதற்கு நல்ல அறிகுறி என்றும் பேசினார்.

மறுநாள் கூத்து. எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்து, சிங்களத்தில் ஒருதடவை, தமிழில் ஒருதடவை சொன்னேன். லொறி இல்லை, நாலு பேர் இல்லை, தழும்பு என் கற்பனை, லெட்சுமணன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான். நான் மூட்டிவிடும்வரை இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் நான்.

பிறகு பெரிய அதிகாரி எழும்பி நின்று கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "கடைசித் திருப்பம் மிக நன்று" என்று ஓ.ஐ.சி.யிடம் சொன்னார். ஓ.ஐ.சி. அடக்கமாக, அது நம்முடைய நகைச்சுவைப் பாத்திரம் சேர் என்றார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

நம்பியது இரண்டே பேர். சார்ஜன்ட் விஜிதரனிடம் போய், தன் வயிற்றைத் தொட்டு, அவன் வயிற்றைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாயா? விஜிதரன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அவ்வளவுதான் பேச்சு. பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொரு படத்தின் முடிவிலும் வருகிற பார்வை அது, ஆனால் அங்கே அதை வாங்கிக்கொள்கிறவன் வில்லன்.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை, நீதிமன்றம் பூட்டு. சனி ஞாயிறும் பூட்டு. கூத்தில் இந்திராதேவியின் தம்பிக்கு மதன் வேஷம் கட்டிச் சமாளித்தார்கள். நான் போகவில்லை. மேளச் சத்தம் மலையைத் தாண்டிக் கேட்டது.

திங்கட்கிழமை லெட்சுமணனை விட்டார்கள். மாட்டையும் விட்டார்கள். சார்ஜன்ட்டையும் விஜிதரனையும், இருவருக்குமிடையில் பொருத்தம் ஏற்பட்டதால் சேவைக்குத் தகுதி இழந்தனர் என்று, ஒருவரை மன்னாருக்கும் ஒருவனை மாத்தறைக்கும் மாற்றினார்கள். எனக்கு ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியே நிலையத்தில் இல்லாததால் அந்தப் பதவியில் குற்றம் செய்திருக்க முடியாது என்று ஓ.ஐ.சி. விளக்கினார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் லயத்துக்கு ஏறிப்போனேன். லெட்சுமணன் வாசலில் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி ஸ்டூல் போட்டான். எனக்காக மேடையேறிப் பேசினீங்களாமேண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டான். மணிக்கட்டில் காப்புக் கிடந்த இடம் வெளுத்திருந்தது.

சொல்லத்தான் வந்தேன், சொன்னேன். லொறி வந்த கதை, நாலு பேர் வந்த கதை, தழும்பு எந்தக் கன்னத்தில் என்று யோசித்தது. லெட்சுமணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சீமமாடா? இதையா? ஏய் இந்திரா, கேட்டியா, நம்ம மாடு சீமமாடாம். அண்ணே, நீங்க ஜெயில்ல வந்து இதச் சொல்லியிருந்தா அங்க உள்ளவனெல்லாம் சிரிச்சிருப்பானுங்க."

"நெசமாத்தாண்டா சொல்றேன், லெட்சுமணா."

"உங்களுக்கு எப்பண்ணே பொய் வந்திருக்கு?" என்று இன்னும் சிரித்தான்.

இந்திராதேவி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவனுக்குப் பால் போட்டது. எனக்கு வெறும் சாயத்தண்ணி. கறந்த பால் வாளியில் நுரையோடு அங்கேயே இருந்தது. லெட்சுமணன் சங்கடப்பட்டு, "அண்ணனுக்குப் பால் ஊத்தலையா?" என்றான்.

"அவரு இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தவளாம். அன்று கதவோரம் நின்றவளுக்கு நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் விளங்கியிருக்கிறது.

"அன்னைக்கே முறைப்பாட்டு மேசையில போயிச் சொன்னேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "தமிழ் ஆளு வாக்குமூலம்னா மொழிபெயர்ப்பாளர் மூலமாத்தான் வரணும்னாங்க. அது யாருனு கேட்டேன். சன்னல் வழியா உங்களக் காட்டுனாங்க."

லெட்சுமணன் சிரிப்பு பாதியில் நின்ற முகத்தோடு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். என்னத்தண்ணே சொல்றா என்றான்.

சொன்னேன். அவரிடம் சொல்லுங்கண்ணே என்று அவன் கேட்டது, ஓ.ஐ.சி. என் வாயைப் பார்த்தது, என் வாயிலிருந்து வந்தது. கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமும் இல்லை.

அவன் புல் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்தான். நறுக்கிய புல்லை இரண்டு கையாலும் அள்ளி மாட்டின் முன்னால் போட்டான்.

"நான் குழம்பலையேண்ணே" என்றான்.